ஆரோக்கியசெல்வி விட்ட இடைவெளி

அனுமந்தையிலிருந்து பஸ் ஏறி, மரக்காணம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்திவந்தாள் ஆரோக்கியசெல்வி. கூடவே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு. உப்பளத்திலும் கடலிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் ஏன் ஆங்கிலத்தில் வாய் திறப்பதில்லை என்பது தலைப்பு. வீட்டில் அந்த மொழி காதில் விழாததுதான் காரணம் என்று முதல் அத்தியாயத்தையும் எழுதி முடித்திருந்தாள்.

சான்றுக்காகத் தன் வகுப்புகளையே செல்போனில் பதிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்து கேட்டபோது அவளுக்கு முகம் சுண்டிப்போனது. கேள்வி கேட்ட மறு மூச்சிலேயே பதிலையும் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாப் பதிவிலும் அதே கதைதான்.

நெறியாளர் சிவப்பிரகாசத்திடம் போய், "சார், வீடு காரணமில்லைங்க. நான்தான் அதுங்கள பேசவே விடல" என்றாள். திட்டு விழும் என்றுதான் நினைத்தாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "இப்பதாம்மா ஆராய்ச்சியே ஆரம்பிச்சிருக்கு. அந்த அத்தியாயத்தத் தூக்கிப் போட்டுடுங்க."

மறுநாள், வரும் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பேசவில்லை. பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமா என்று கணவனிடம் புலம்பினாள்.

அடுத்த வாரம் சத்யப்ரியா எழுந்தாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் உப்பு வாருகிறவர்கள். "பேர்ட், மிஸ். சால்ட் வாட்டர்ல ஸ்டாண்டிங். ஒன் லெக்."

"டூ லெக்" என்றான் பின் பெஞ்சு சதீஷ்.

"நோ. ஒன் லெக் ஹைடிங்."

வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் போட்டுச் சண்டை பிடித்தது. ஆரோக்கியசெல்வி எதையும் திருத்தவில்லை. செல்போன் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், பிழைகளை அப்படியே விட்டது சரியா என்று வெளித்தேர்வாளர் கேட்டார். பேசினால்தானே பிழையே வரும், திருத்த அதற்குப் பிறகு நாள் இருக்கிறது என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போது திண்டிவனத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமைகளில் போய்வருகிறாள். எட்டாம் வகுப்பில் சத்தம் தாங்கவில்லை என்று தலைமை ஆசிரியர் இரண்டு முறை சொல்லிவிட்டார். கதவைச் சாத்திக்கொள்கிறேன் சார் என்றிருக்கிறாள்.