பூசையறைப் பூட்டு

திண்டிவனத்தில் குடியிருந்தபோது, மனைவிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டி, நாற்பத்தெட்டு நாள் அணையாவிளக்கு ஏற்றுவதாக அம்பாளிடம் நேர்ந்துகொண்டேன். நாற்பதாம் நாள் பூசையறையின் சாவியைக் கிணற்றில் தவறவிட்டேன். உள்ளே விளக்கில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல், எதிர்வீட்டு வேதக்காரரான தச்சர் அந்தோணியைக் கூப்பிட்டேன்.

நான் சொல்லாமலே கால் கழுவிக்கொண்டு வந்தார். மண்டியிட்டு, குடைக்கம்பியை வளைத்துப் பூட்டுக்குள் விட்டுத் திருகினார். கதவு திறந்ததும் ஒதுங்கி நின்றார்.

"ஜல்தியா எண்ணெய் ஊத்துண்ணா, அணையப் போவுது!"

ஊற்றிவிட்டு, "நீயும் வந்து கும்பிடுப்பா" என்றேன்.

"அண்ணிக்காகத் தெனம் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திக்கினுதாண்ணா இருக்கிறேன்" என்றார்.

அவர் தொட்ட கதவைக் கழுவுவதற்கென்று கொல்லையில் ஒரு குடம் தண்ணீர் இறைத்து வைத்திருந்தவன் நான்.

அடுத்த வாரம் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். எந்த விளக்கின் புண்ணியமென்று அம்பாளிடம் நான் கேட்கவில்லை.