விலங்கு செல்லில் பச்சை வைத்த அம்மா

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பாலக்கரையில் உள்ள எங்கள் ஸ்டேஷனரி கடையில் அம்மா கல்யாணங்களுக்குச் சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்துவந்தார்.
2. பிறகு பள்ளிக் கண்காட்சிகளுக்குத் தெர்மாகோல் மாடல்களும் செய்து கொடுத்தார். அதிகம் விற்றது விலங்கு செல்.
3. அந்த விலங்கு செல்கள் எல்லாவற்றிலும் பச்சை மணிகளை ஒட்டினார். அந்தப் பச்சை செடிகொடிகளின் செல்லில்தான் உண்டு.
4. ஆசிரியர்கள் யாரும் கவனிக்கவில்லை. சிலவற்றுக்குப் பரிசு கொடுத்தார்கள்.
5. நான் கவனித்தேன்.
6. விற்ற செல்களை எல்லாம் தேடிப்பிடித்துத் திருத்தாமல் விடுவதில்லை என்று அம்மா கிளம்பினார்.
7. ஒன்று பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே சென்ற ஆண்டு காலமானார்.

இந்தக் கட்டுரை ஆறாவதையும் ஏழாவதையும் பற்றியது. அம்மாவின் மற்ற நற்குணங்களை அப்பா இந்த நினைவு மலரின் முன்பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

அம்மா லால்குடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தார். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அறிவியலில் நல்ல மார்க் என்று அவரே சொல்வார். வேறு சாட்சி இல்லை. கல்யாணமாகிப் பாலக்கரைக்கு வந்தபோது கடையில் நோட்டும் பேனாவும்தான் இருந்தன. வியாபாரம் படுத்துவிட்ட வருடங்களில் அம்மாவின் தட்டு அலங்காரம்தான் வீட்டை நடத்தியது.

தட்டில் மிஞ்சிய சாமான்கள் செல்லுக்குப் போயின. பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக அறுத்தால் உட்கரு. செல்லுக்குள் எல்லா உத்தரவும் அங்கிருந்துதான். சாப்பாட்டிலிருந்து சக்தி எடுத்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சிவப்புச் சாயம் பூசிய பேரீச்சங்கொட்டை. புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்குக் கடுகு. அந்தப் புரதத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பும் கோல்கி உறுப்புக்கு ஜரிகை லேஸ், மடிப்பு மடிப்பாக. கழிவைக் கரைக்கும் லைசோசோமுக்கு மட்டும் அப்பாவின் பழைய சட்டைப் பொத்தான். "குப்பை அள்ளுறதுக்கு எதுக்குப் புதுசு?" என்பார்.

எல்லாம் ஒட்டிய பிறகு எட்டி நின்று பார்ப்பார். வெறிச்சென்று இருக்கும். பச்சை இல்லாத தட்டைச் சபைக்கு அனுப்பக் கூடாது என்பது அவருடைய தொழில் நியமம். வெற்றிலையோ மாவிலையோ கொஞ்சமாவது வேண்டும். அதே கையோடு செல்லிலும் நாலு பச்சை மணி வைத்து அனுப்பிவிட்டார்.

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்த பிறகுதான் எனக்கு அது கண்ணில் பட்டது.

"அம்மா, இது பசுங்கணிகம். வெயிலை வச்சு சாப்பாடு பண்றது. செடிக்குத்தான் உண்டு. விலங்கு செல்லுல கிடையாது."

"ஏன், மாடு புல்லுதானே திங்குது?"

"தின்னா வயித்துக்குப் போகும்மா. பச்சை செல்லுக்குள்ள வந்து உட்காராது."

"அப்ப நாம வெயில்ல நின்னா?"

"கறுத்துப் போவோம்."

அம்மா கையிலிருந்த கோந்து பாட்டிலை மூடிவைத்தார். "புத்தகத்துல படிச்சது மறந்துடும்டி. கண்ணால பார்த்தது நின்னுடும். இத்தனை புள்ளைங்க என் கையால தப்பாப் படிச்சிருக்கு."

"வித்ததைத் திருப்பி வாங்க நாம என்ன கார் கம்பெனியா?" என்றார் அப்பா.

"நீங்க ஸ்கூட்டர் சாவியைக் கொடுங்க."

எங்கள் கடையில் பில் போடும் வழக்கம் இல்லை. யார் வாங்கினார்கள் என்பதை அம்மா முகத்தை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தார். ஒரு ட்வீசர், கோந்து, ஒரு டப்பா பேரீச்சங்கொட்டை ஆகியவற்றோடு நாங்கள் இருவரும் மாலை வேளைகளில் வீடுவீடாகப் போனோம். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு மாமி கதவைப் பாதிதான் திறந்தார்.

"பேரன் நாளைக்கு ஸ்கூலுக்கு எடுத்துண்டு போகணும். இப்போ வந்து பிடுங்கணும்கறேளே?"

"நாலே நாலு மணிங்க மாமி. எடுத்துட்டா சரியாயிடும்."

"லட்சணமா இருக்கே. எடுத்தா ஓட்டை தெரியாதோ?"

"அதுல வேற ஒட்டித் தரேங்க."

"என்னத்தை ஒட்டுவேள்?"

அம்மா என்னைப் பார்த்தார். "மைட்டோகாண்ட்ரியா ஒட்டலாம் மாமி. எத்தனை இருந்தாலும் தப்பில்லை. சக்தி கொடுக்கிறது" என்றேன்.

"அப்படின்னா எட்டா ஒட்டுங்கோ. குழந்தை ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறான்."

எட்டு ஒட்டினோம். மாமி காபி கொடுத்து அனுப்பினார்.

இப்படி ஒவ்வொன்றாக முடிந்தது. பள்ளி அலமாரிகளில் இருந்தவற்றைக்கூட அம்மா கெஞ்சி வெளியே எடுத்தார். கடைசியில் பாக்கி நின்றது தொட்டியத்தில் ஒரு வாழை விவசாயி வீட்டில். அவருடைய மகள் அம்மா செய்த செல்லைக் கண்காட்சியில் வைத்துப் பரிசு வாங்கியிருந்தாள். அவர் அதை ஷோகேசில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அம்மா போனில் பேசுவார். "அண்ணே, அதுல ஒரு தப்பு இருக்குங்க."

"ஒரு தப்பும் இல்லைங்க தங்கச்சி. பரிசு வாங்கினதுங்க."

"பரிசு கொடுத்ததுதாங்க முதல் தப்பு."

போட்டோ அனுப்பச் சொன்னேன். மகள் கேடயத்தோடு நிற்கும் படம் வந்தது. கேடயத்துக்குப் பின்னால் பச்சை மட்டும் எட்டிப் பார்த்தது. "பாரு, பச்சை!" என்றார் அம்மா. பொங்கல்தோறும் கேட்டார். அவர் பொங்கல்தோறும் வாழைத்தார் கொடுத்துவிட்டார். செல்லைக் கொடுத்துவிடவில்லை. "பிடிவாதக்கார மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே அம்மா பழத்தை உரிப்பார்.

பிறகு அம்மாவின் இதயம் பலவீனமானது. பஸ் ஏறித் தொட்டியம் போக டாக்டர் விடவில்லை. நான் செல் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லீவு போட்டுவிட்டு, புத்தூர் மருத்துவமனையில் கூடவே இருந்தேன். ஒரு நாள் நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டு போனதும் அம்மா கேட்டார்.

"சிவப்பணுவுக்கு உட்கரு உண்டா?"

"முதல்ல இருக்கும்மா. அப்புறம் வெளியே தள்ளிடும். ஆக்ஸிஜன் தூக்க இடம் வேணும்ல."

"தலைவரையே வெளியே தள்ளிட்டு வேலை ஒழுங்கா நடக்குதா?"

"நடக்குது."

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தார். "கேட்டுக்கோங்க."

அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தொட்டியத்துக்கு ஒருதரம் போயிட்டு வந்துடு. சண்டை போடாதே. பச்சையை எடுத்துட்டு வேற ஒட்டிக் கொடு" என்றார். அந்த வாரமே காலமானார்.

காரியம் முடிந்ததும் அப்பாவும் நானும் தொட்டியம் போனோம். செய்தி கேட்டு அந்த விவசாயி ஷோகேசைத் திறந்தார். நான் ட்வீசரை எடுத்தேன். பிறகு உள்ளே வைத்துவிட்டேன்.

செல் சதுரமாக இருந்தது. சுற்றிலும் தடித்த செல் சுவர், நடுவில் தண்ணீர் தேக்கும் பெரிய நுண்குமிழி, ஓரங்களில் பச்சை. அது தாவர செல். அதில் ஒரு தப்பும் இல்லை.

"என் பொண்ணு வாழை செல் வேணும்னு கேட்டு வாங்கினதுங்க. தப்பில்லைன்னுதானே சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார் அவர்.

திரும்பும் பஸ்ஸில் முசிறி தாண்டும்போது அப்பா, "எத்தனை வருஷம் அந்த மனுஷனைத் திட்டியிருக்கா!" என்று சிரித்தார். சிரிப்பு நின்றதும், "இதைப் போய்ச் சொல்ல அவ இல்லையே" என்றார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், நர்சுகள், எந்நேரமும் கூப்பிட்டால் வந்த எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சாப்பாடு அனுப்பிய பாலக்கரை அண்டை வீட்டார், ஸ்ரீரங்கத்து மாமி, தொட்டியத்து அண்ணன் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்போதைய நிலை இது. அம்மா எல்லாவற்றையும் திருத்தி முடித்திருக்கலாம். அல்லது அவர் நினைவில் தொட்டியத்தோடு மாறிப்போன அந்த ஒன்று வேறு யார் வீட்டுப் பரணிலோ இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் எங்கள் கடை செல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சதுரமாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உருண்டையாக இருந்து உள்ளே பச்சை மணி இருந்தால் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடையில் இருக்கிறேன்.