பின்னால் இருந்த இடது ஸ்பீக்கர்

வயர்லெஸ் ஸ்பீக்கருக்கும் வயர் உண்டு என்று கடைக்காரர் சொன்னபோது எனக்குப் பகீரென்றது.

"சவுண்டுதான் சார் காத்துல வரும். கரண்டு பிளக்குலதான் வரணும்" என்றார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. பின்பக்கம் வைக்கிற இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு பிளக், பெட்டியிலிருந்து இரண்டு பக்கமும் வயர். அப்புறம் எதற்கு அய்யா வயர்லெஸ் என்று பெயர்? டிவியிலிருந்து பின்பக்கம் வரைக்கும் வயர் கிடையாது, அதுதானாம் வயர்லெஸ். இதைக் கேட்கவா ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறி வந்தோம் என்று எனக்கு ஆத்திரம்.

2009 அது. வீட்டில் புதிதாக எல்சிடி டிவி வாங்கியிருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். கூட வேலை பார்த்த கணக்கு வாத்தியார் வீட்டு ஹோம் தியேட்டரில் ஒரு நாள் மழை பெய்யக் கேட்டேன். மழை டிவியில் தொடங்கி, தலைக்கு மேல் வந்து, முதுகுக்குப் பின்னால் போய்க் கொட்டியது. அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஆனால் அவர் வீட்டில் நடக்கிற வழியெல்லாம் வயர். பாய்க்கு அடியில் ஓடிய வயர் தடுக்கி அவருடைய மாமியார் விழுந்த கதை என் மனைவி காதுக்கும் வந்திருந்தது. "குறுக்க ஒயர் போச்சின்னா கத்திரிச்சிப் போட்டுருவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அதனால்தான் வயர்லெஸ் தேடி வந்தோம்.

கடைக்காரர் எங்களை உள்ளே ஒரு கண்ணாடி அறைக்கு அழைத்துப்போனார். சோபா, எதிரே டிவி, சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், மூலையில் குண்டாக ஒரு பேஸ் பெட்டி. இரண்டு செட் காட்டினார். விலை குறைந்ததில் பின்பக்கச் சத்தம் விட்டு விட்டு வந்தது, நடு நடுவே கரகரத்தது. இன்னொன்று சுத்தம். "சந்தேகமா இருந்தா டெஸ்ட் வெச்சிப் பாருங்க சார்" என்றார். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்' என்ற சத்தம் சுற்றி வரும். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வருகிற பக்கம் கை காட்ட வேண்டும். கடைக்கு வருகிற எல்லோருக்கும் இந்த விளையாட்டை வைப்பாராம்.

நான் ஐந்தையும் சரியாகக் காட்டினேன். ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி கெத்தாக எழுந்தேன்.

"நீ ஒக்காரு" என்றேன் மனைவியிடம்.

"வேணாங்க. நீங்க கேட்டா போதும்."

"காசு குடுத்து வாங்குறோம், நீயும் கேளு."

உட்கார்ந்து கண்ணை மூடினாள். முன்பக்க இடது ஸ்பீக்கர் உஸ் என்றது. அவள் வலது பக்கம் கையை நீட்டினாள். அடுத்து நடு ஸ்பீக்கர். அதற்கும் வலது பக்கம்தான். அப்புறம் வலது பக்கத்து ஸ்பீக்கர் இரண்டுக்கும் சரியாகக் காட்டினாள். கடைசியாகப் பின்னால் இருந்த இடது ஸ்பீக்கரில் சத்தம் வந்தபோது கை எழும்பவே இல்லை. கண்ணை லேசாகத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"வெளையாடாத" என்றேன்.

மறுபடியும் வைத்தார். மறுபடியும் எல்லாம் வலது பக்கம். கடைக்காரர் சிரித்தார், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பின்னால் இருக்கிற இடது ஸ்பீக்கர் கோளாறு, அதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு அது நன்றாகக் கேட்டதே என்ற யோசனைகூட வரவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. "வேற செட்டு எடுங்க. எவன் ஏமாந்தவன்னு பாக்குறீங்களா?" என்று நான் போட்ட போட்டில், வெளியே மிக்சி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் பாவம், ஸ்டூல் போட்டு ஏறி மேலேயிருந்து வேறு பெட்டியை இறக்கப் போனார்.

"எறங்குங்கண்ணே" என்றாள் என் மனைவி. "ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்ல. எனக்குத்தான் இந்தக் காது கேக்காது."

இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரே வீடு, ஒரே சோறு. கடைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்ன சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. தெருவுக்கு வந்ததும் அவள் பக்கம் திரும்பினேன்.

"எப்பலேர்ந்து?"

"அஞ்சாவது படிக்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்துச்சி. கழுத்துல தங்கச் சங்கிலி போட்டுவுட்டாங்க. வீக்கம் எறங்கிடுச்சி, காதுதான் திரும்ப வரல" என்றாள். அவளுக்குச் சொந்த ஊர் அண்ணாகிராமம் பக்கம். "நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. அப்பறம் எப்பச் சொல்றதுன்னே தெரியல."

எங்கே போனாலும் எனக்கு இடப்பக்கம்தான் நிற்பாள். கல்யாண வீடுகளில் போட்டோவுக்கு யாராவது மாற்றி நிறுத்தினாலும் நைசாக இந்தப் பக்கம் வந்துவிடுவாள். "புருஷனுக்கு எடப்பக்கம் நிக்கணும்னு தெரிஞ்ச பொண்ணு" என்று என் சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். நானும் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறேன். சாஸ்திரமாவது ஒன்றாவது. நல்ல காதை என் பக்கம் வைத்துக்கொள்ளத்தான் இத்தனை வருஷமும் அப்படி நின்றிருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டாள். "என்னக் கொண்டுபோய் எங்கம்மா வூட்டுல வுட்டுருவீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. ஏமாற்றிவிட்டார்களே என்று மாமியார் மேல் கோபம், இவள் மேலும் கோபம். அதற்கு நடுவே, இவள் இத்தனை நாள் இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டா எனக்குச் சோறு போட்டாள் என்ற திகைப்பு. அவள் என் மௌனத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. அதற்குள் சிதம்பரம் பஸ் வந்துவிட, இடம் பிடிக்க ஓடினேன்.

பஸ்ஸில் வலது பக்கத்து மூன்று பேர் சீட்டுதான் கிடைத்தது. அவள் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய கேட்காத காதுப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். "இந்தா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. "ஒன்னத்தான்" என்றேன். வெளியே வயலைப் பார்த்தபடியே இருந்தாள். தோளும் தோளும் இடித்துக்கொண்டிருக்கின்றன, நான் கூப்பிடுவது அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிடப் போகிறார் என்று கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் யாரிடமும் பேசாமல், காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஸ்பீக்கர் எங்கடா?"

நடந்ததை ஒன்று விடாமல் கொட்டினேன். அம்மா கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்னாம்மா தெரியும்?"

"அவ வந்த மாசமே தெரியும். இந்தப் பக்கமா நின்னு திட்டுனேன், அவ பாட்டுக்கு வேலையப் பாத்துக்கிட்டு இருந்தா. என்னா திமிருன்னு நெனச்சேன். அந்தப் பக்கமாப் போயி கூப்ட்டேன், ஓடியாந்தா. அதுலேர்ந்து நான் அந்தப் பக்கமா நின்னுதான் பேசறது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ சாமியாடுவ. அவளே சொல்லட்டும்னு வுட்டுட்டேன்."

"ஒம்போது வருஷமா கூடவே இருக்கேன். எனக்கு எப்படிம்மா தெரியாமப் போச்சி?"

"ஒனக்கு எப்படிடா தெரியும்? என்னிக்கு நீ அவகிட்ட மெதுவாப் பேசியிருக்க? நீ பேசுனா ஒத்தக் காது என்னா, செவுத்துக்கே கேக்கும்."

சுருக்கென்று தைத்தது. மறுத்துப் பேச ஒரு நாளையாவது நினைவில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவ மொகம் ஏன்டா செத்துக் கெடக்கு? ஊருக்கு அனுப்புறேன் கினுப்புறேன்னு ஏதாவது சொன்னியா?"

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? இது அவ வூடு. அவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். மாடியில் துணி உதறுகிற சத்தம் நின்றது.

"கேக்குதுங்க" என்றாள் மேலேயிருந்து. "தெருவுக்கே கேக்குது."