எதிர் இருக்கை

பனியில் காலால் உந்தி வந்த சறுக்குவண்டியை நார்வேயின் ஓர்னெஸ் ரயில் நிலையத்து வேலியில் சாய்த்துவிட்டு, பூட்டாமலே ரயிலேறுவாள் போர்க்கில் என்ற பெண்மணி. ஒஸ்லோவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆற்றுப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கைப்பையை எதிர் இருக்கையில் வைப்பாள். யாராவது நெருங்கினால் பையைப் பார்ப்பாள். அவர்கள் மன்னிப்புக் கேட்காத குறையாக நகர்ந்துவிடுவார்கள்.

அந்த இடம் அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிற நரைத்தாடிக்காரருக்கு. வருடக்கணக்காக எதிரெதிரே உட்கார்ந்து போகிறார்கள், ஒரு வார்த்தை பேசியதில்லை. காலை ரயிலில் பேசுகிறவன் ஒன்று குடிகாரன், இல்லையென்றால் வெளியூர்க்காரன். ஏறும்போது ஒரு தலையசைப்பு, இறங்கும்போது ஒன்று, அதோடு சரி. அவர் குறுக்கெழுத்துப் போடுவார். விடை கிடைக்காவிட்டால் பென்சிலால் காதைச் சொறிவார். போர்க்கில் தலைகீழாகவே படித்து விடை கண்டுபிடித்துவிடுவாள். சொன்னதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் முதல் பனி விழுந்த வாரம் அவர் ஏறவில்லை. அடுத்த வாரமும் இல்லை. ஒஸ்லோ வரை பை மட்டும் எதிரே உட்கார்ந்து போயிற்று.

கணவன் தெர்யேவுக்குக் கொண்டாட்டம். "பேரே தெரியாத ஆளுக்கு சீட்டுப் பிடிச்சு வைக்கிற. எனக்கு ஒரு நாளாவது காபி எடுத்து வச்சிருக்கியா?"

"நீ எங்க போயிடப் போற? காணாமப் போ, உன்னையும் தேடுறேன்."

தேடத்தான் செய்தாள். கூட்டுறவுக் கடை, தேவாலயப் பாடகர் குழு, உருளைக்கிழங்கு வாங்கப் போன பண்ணைகள் என்று தன் ஊர் அடங்கிய நெஸ் நகராட்சி முழுக்கச் சாடையாக விசாரித்தாள். பென்சிலால் காதைச் சொறிகிறவர் என்றால் யாருக்குத் தெரியும்? பாடகர் குழுவில் ஒருத்தி, "போய்ச் சேந்துட்டாரோ என்னவோ, பேப்பர்ல பாரு" என்றாள். அன்றிலிருந்து உள்ளூர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்புப் படங்களில் நரைத்தாடிகளைத் தேடினாள். பெயர் தெரியாத மனுஷருக்காக எப்படி அழுவது என்பதுதான் அவளை அரித்தது.

போன வாரம் ஏறினார். தாடி இல்லை, உடம்பு பாதியாகியிருந்தது. தலையசைத்தார். பையை எடுத்துக்கொண்டு அவளும் தலையசைத்தாள். வழக்கப்படி அவ்வளவுதான். இரண்டு நிறுத்தங்கள் கடந்தன. அவர் பென்சிலை எடுக்கவே இல்லை.

போர்க்கிலுக்கு முகம் காது வரை சிவந்தது. கையுறையைக் கழற்றினாள். பெட்டியே திரும்பிப் பார்க்க, "நான் போர்க்கில்" என்று கையை நீட்டினாள். அவருடைய வலக்கை மடியில் அசையாமல் கிடப்பதைக் கண்டதும், நீட்டிய கையை இழுத்துக்கொண்டு இடக்கையை நீட்டினாள்.