நான்காம் அறையின் சிவப்புப் பட்டன்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இதில் ஒரு வரியைக்கூட நான் கட்டிச் சொல்லவில்லை. இருட்டு இல்லை, மழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டப்பகல், மூன்றாவது மாடி அலுவலகம். ஜன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில். அந்த வெயிலில்தான் எனக்குப் பல் கிட்டிப்போனது.

என் வேலை டெஸ்ட் எழுதுவது. பெரிய குளிர்கிடங்குகளுக்கு எங்கள் நிறுவனம் மென்பொருள் செய்கிறது. அங்கே ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர் அதை அமுக்கினால் சர்வருக்குத் தகவல் போகும். சர்வர் உடனே காவலாளியின் போனை அடிக்க வைக்கும். இது ஒழுங்காக நடக்கிறதா என்று தானாகச் சோதித்துப் பார்க்கும் நிரல்தான் டெஸ்ட். அதில் பட்டனும் போலி, போனும் போலி. எல்லாம் என் கணினிக்குள்ளேயே நடக்கும் பொம்மை விளையாட்டு. தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு, ஓட்டாமல் விட்டால் மஞ்சள்.

மொத்தம் 213 டெஸ்ட். ஒன்று மட்டும் அடம்பிடித்தது. ஒரே நொடியில் பட்டனைப் பலமுறை அமுக்கினால் சர்வர் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லும், ஆனால் சில சமயம் போன் அடிக்காது. மேனேஜரிடம் காட்டினேன். எதைக் கேட்டாலும் தள்ளிப்போடுவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நாளைக்கு’.

“எவன்டா ஒரே செகண்ட்ல அத்தன தடவ அமுக்குவான்? ஸ்கிப் பண்ணிடு. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

ஸ்கிப் என்று ஒரு வரி சேர்த்தேன். 212 பச்சை, ஒரு மஞ்சள். மஞ்சளை எவன் பார்க்கிறான்? உயிர்ப்பயத்தில் இருப்பவன் அப்படித்தான் அமுக்குவான் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கிடங்கின் நான்காம் அறையில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் உறைந்து இறந்துபோனார். அவருடைய மனைவி எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்.

“அவரு அமுக்குனாரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க சார்.”

‘நாளைக்கு’ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “அமுக்கவே இல்லம்மா. அமுக்கியிருந்தா போன் அடிச்சிருக்கும். அவரோட அஜாக்கிரத.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். பட்டன் பெட்டியின் பதிவில் அவர் அமுக்கியது இருந்தது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என்னை நானே இன்றும் காறித் துப்பிக்கொள்வது அதற்காகத்தான். அந்த அம்மா அழவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவரு சாது சார். யாரையும் ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா இத விடமாட்டாரு.”

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அன்றைக்கு அது வெறும் பழமொழி என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஓசைப்படாமல் கோளாறைச் சரிசெய்துவிட்டோம். அந்த அம்மா எழுதிக்கொடுத்த புகாரின் பேரில் திங்கட்கிழமை விசாரணைக்கு ஆள் வருவதாக இருந்தது. ஞாயிறு காலை ‘நாளைக்கு’ போன் செய்தார்.

“அந்த டெஸ்டையே அழிச்சிடு. ஸ்கிப் பண்ண தடயமே இருக்கக் கூடாது. நான் கிடங்குக்குப் போய் பட்டன் பெட்டியில இருக்கற பதிவ அழிச்சிடறேன்.”

மதியம் 2:10க்கு அலுவலகத்தில் உட்கார்ந்தேன். வேறு யாரும் இல்லை. விடுமுறை என்பதால் ஏசி ஓடவில்லை, சட்டை முதுகோடு ஒட்டியது. அந்த டெஸ்டை அழித்தேன். அழிந்ததை இரண்டு முறை சரிபார்த்தேன். 2:29க்கு எல்லாவற்றையும் ஓட்டினேன்.

212 என்று காட்டியிருக்க வேண்டும். 213 என்று காட்டியது.

எங்கேயோ பழைய பிரதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நிறுத்தப்போனேன். அப்போது திரையில் ஒரு வரி ஓடியது.

2:31:07. அறை 4. பட்டன் அமுக்கப்பட்டது.

போலி அறைகளுக்கு நான் வைத்த எண்கள் 901, 902. நான்காம் அறை என்று என் டெஸ்ட் எதிலும் கிடையாது.

2:31:09. அறை 4. பட்டன் அமுக்கப்பட்டது.

2:31:09. 2:31:09. 2:31:09...

இணையக் கேபிளைப் பிடுங்கினேன். வரிகள் நிற்கவில்லை.

அப்போதுதான் குளிர்ந்தது. மூச்சு விட்டால் புகை. விரல் நுனி மரத்துப்போனது. ஜன்னலில் அதே வெயில்.

டங்...

பின்னால் இருந்த சுவரிலிருந்து வந்தது.

டங்... டங்...

இரும்புக் கதவை உள்ளங்கையால் அறையும் சத்தம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. மூன்று மாடி உயரம், வெறும் வெளி.

எழுந்து ஓடப் பார்த்தேன். கால்களும் மரத்திருந்தன.

2:52. திரையில் டெஸ்டின் பெயர் மாறியது. நான் தொடவில்லை.

அவரு அமுக்குனாரா, இல்லையா?

அதன் கீழே... ‘பதிலுக்குக் காத்திருக்கிறது.’

டங். டங். டங்.

“அமுக்குனாரு!” என்று கத்தினேன். “நான்தான் ஸ்கிப் பண்ணேன்... எங்க தப்பு... அவரு அமுக்குனாரு!”

பச்சை.

ஆனால் பட்டன் வரிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. முதலில் வேகமாக. பிறகு நிமிடத்துக்கு ஒன்று. பிறகு...

3:14:50.

அதுதான் கடைசி.

குளிர் விட்டது.

3:30க்கு, புகார்க் கடிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்து அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். “அமுக்குனாரும்மா. நாங்க பொய் சொன்னோம். விசாரணையில நானே எழுதிக் குடுக்கறேன்.”

“தெரியும் சார்” என்றார். வைத்துவிட்டார்.

திங்கள் காலை ‘நாளைக்கு’ கிடைத்தார். நான்காம் அறைக்குள். கதவு பூட்டப்படவே இல்லை. உள்கைப்பிடியும் நன்றாகத்தான் இருந்தது. பட்டன் பெட்டியில் அவர் அமுக்கிய நேரங்கள் எல்லாம் பதிவாகியிருந்தன. முதலாவது 2:31:07. கடைசி 3:14:50. ஒரு மனிதன் சாவதை நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கேபிளைப் பிடுங்கிய என் கணினிக்கு அந்த வரிகள் எப்படி வந்தன என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

கோளாறைத்தான் சரிசெய்திருந்தோமே, காவலாளியின் போன் ஏன் அடிக்கவில்லை? நான் எழுதிக்கொடுத்த மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். தொலைபேசி நிறுவனம் கொடுத்த பட்டியலை என் முன்னால் வைத்தார்.

“உங்க சர்வர் சரியாத்தான் வேல செஞ்சிருக்கு. எல்லா காலும் போயிருக்கு. ஆனா காவலாளிக்கு இல்ல, வேற ஒரு நம்பருக்கு. இது யாரோடதுன்னு தெரியுமா?”

எங்கள் மென்பொருளில் எங்குமே இல்லாத எண். அவரே விசாரித்து வைத்திருந்தார். இறந்துபோன அந்தத் தொழிலாளியின் எண். அடக்கம் முடிந்த மறுநாளே அவர் மனைவி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

“துண்டிச்ச நம்பருக்கு எப்படி சார் கால் போகும்?”

அதிகாரி பட்டியலின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

நாற்பத்தெட்டு அழைப்புகள். நாற்பத்தெட்டையும் யாரோ எடுத்திருக்கிறார்கள்.