மைக்செட்காரர் விரும்பிக் கேட்ட பாட்டு

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் நான்கு பேர் அருப்புக்கோட்டையில் ஒரு லாரி ஷெட்டில் பாட்டுக் கட்டினோம். இருவர் மின்கிதார் வாசித்தார்கள். அங்கே மெக்கானிக்காக இருந்தவன் டிரம் அடித்தான். நான் பாடினேன். எந்த இசைத்தட்டுக் கம்பெனியும் எங்களைச் சீந்தவில்லை. அதனால் நாங்களே ஒரு கம்பெனி ஆனோம். மலேயாவிலிருந்து திரும்பிய திருச்சுழி வியாபாரி ஒருவர் டேப் ரிக்கார்டர் கொடுத்தார். லாரிகள் லோடு ஏற்றப் போயிருந்த ஒரு ஞாயிறு மத்தியானம் பதிவு செய்தோம். வெளியூரில் தட்டு அடித்து வந்ததும், கம்பெனி பெயர் அச்சிட்ட சிவப்புத் தாளை ஒவ்வொன்றிலும் நானே பசை தடவி ஒட்டினேன்.

முதல் தட்டை மைக்செட்காரரிடம் கொண்டு போனேன். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், கோயில் கொடை எல்லாவற்றிலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் பாடும். அக்கா கல்யாணத்துக்கு செட்டு பேச வந்த அப்பாவும் கடையில் நின்றிருந்தார். மைக்செட்காரர் ஊசியை வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஏலே, தகரத்த உருட்டுற மாதிரி இருக்கு."

தட்டை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து, துண்டுகளை அப்பாவிடம் நீட்டினார். "ஒம்ம மகன தறியில ஒக்காரச் சொல்லும்."

அப்பா வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்றார். அந்த 'சரிங்க'வை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடல் தாண்டி வரும் வானொலிக்கும் ஒரு தட்டு அனுப்பியிருந்தோம். அங்கே ஓர் அறிவிப்பாளர் அம்மா, ஒரு சனிக்கிழமை மதியம் அதைப் போட்டார். "இந்த இளைஞர்களிடம் மெருகு இல்லை. ஆனால் உயிர் இருக்கிறது" என்றார். அதன்பின் வாராவாரம் போட்டார். தட்டு கேட்டு மதுரையிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. நண்பர்கள் அடுத்த பாட்டைப் பற்றிப் பேசினார்கள். நான் மைக்செட்காரரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவே நேயர் விருப்பமும் நடத்தினார். நான் மைக்செட்காரர் பெயரில் கடிதம் எழுதினேன். எங்கள் பாட்டைக் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை என்று எழுதினேன். உள்ளூரில் போட்டால் தெரிந்துவிடும் என்று, பரளச்சியில் ஒன்று, ரெட்டியபட்டியில் ஒன்று, காரியாபட்டியில் ஒன்று என பஸ் ஏறிப் போய்ப் போட்டேன். வானொலியில் அவர் பெயரும் ஊரும் வந்தபோது டீக்கடையே சிரித்தது.

பஜாரில் அவரைப் பார்த்தவர்கள், "அண்ணாச்சி, ஒங்க பாட்டு இன்னைக்கும் போட்டாக" என்றார்கள். கல்யாண வீடுகளில், "ரேடியோவுல கேக்குறீக, எங்களுக்குப் போட மாட்டீகளா?" என்று மல்லுக்கு நின்றார்கள். ஒரு வீட்டார் காரியாபட்டியிலிருந்து வேறு செட்டே கொண்டு வந்துவிட்டார்கள்.

கடைசியில் அவர் ஷெட்டுக்கு வந்தார். "தம்பி, அந்த ரிக்கார்டு ஒண்ணு வேணும்."

"எங்க அப்பாட்ட வந்து கேளுங்க" என்று வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். அவர் தலை குனிந்து கேட்பதை அப்பா பார்க்க வேண்டும். அப்பாவோ தறியை நிறுத்தி, அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு தட்டையும் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். அவர் போனதும் என்னிடம் எங்கள் வீட்டுத் தெலுங்கில், "இதோடு விடு" என்றார்.

நான் விடவில்லை. மறுநாளே அடுத்த கடிதம் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து அறிவிப்பாளர் அம்மாவின் கடிதம் ஷெட்டுக்கு வந்தது. அந்தக் கடிதங்கள் தன்னுடையவை அல்ல, தட்டை ஒடித்த பகையில் நான் எழுதியவை என்று மைக்செட்காரர் தன் சொந்தக் கையெழுத்தில் அவருக்கு எழுதியிருக்கிறார். அந்த அம்மா எனக்கு எழுதியது இது: "உங்கள் பாட்டு பிடித்துத்தான் போட்டேன். யாரும் கேட்டதற்காக அல்ல. என் குரலை உங்கள் பகைக்கு எடுத்துக்கொண்டீர்கள். இனி என்னால் போட இயலாது." அவ்வளவுதான்.

மெக்கானிக் அதைப் படித்துவிட்டு மடித்தான். "ஏலே, ஒன் கோவத்துக்கு எங்க பாட்டுதானா கெடச்சுச்சு?" என்றான். அதன்பின் டிரம்மைத் தொடவில்லை. கிதார்காரர்கள் மில் வேலைக்குப் போனார்கள். இரண்டாவது பாட்டு தட்டாகவே வரவில்லை.

அந்த அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. நண்பர்களிடமும் கேட்டேன். மைக்செட்காரரிடம் கேட்கவில்லை. அவர் இறந்த அன்று அப்பா மாலை வாங்கிக்கொண்டு போனார். என்னையும் கூப்பிட்டார். "வரலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.