போகிப் புகையில் ஒரு கண்டெய்னர் யார்டு

போகியன்று காலை ஆறு மணிக்கு எண்ணூரிலிருந்து கிளம்பினோம். தூத்துக்குடியிலிருந்து பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்கு வந்த இடத்திலும் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் தவறக் கூடாது. ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கு இடம் கிடைத்திருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். ஏற்கெனவே ஒரு நாள் தள்ளிப்போனதில் அவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

தெருவெல்லாம் பழைய பாயும் டயரும் எரிந்து, புகையும் பனியும் விடியலையே விழுங்கியிருந்தன. எங்கள் ஊரில் போகி என்றால் வெள்ளையடிப்பதோடு சரி. இது என்ன கொடுமையோ!

கடலோரச் சாலையில் ஆட்டோ டிரைவர் ரஹீம் பாய், முன்னால் போன டிரெய்லர் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டார். "ஹார்பர் வண்டிம்மா. இது பின்னாலயே போனா ராயபுரம்தான்" என்றார். அந்த மகராசன் திருவொற்றியூருக்கு முன்பே ஒரு கண்டெய்னர் யார்டுக்குள் திரும்பிவிட்டான். நாங்களும் கூடவே நுழைந்துவிட்டோம். விளக்கு மறைந்த பிறகுதான் தெரிந்தது, சுற்றிலும் இரும்புப் பெட்டிகள். எங்கோ லாரிகள் உறுமின.

"பேஜாராப் பூட்சும்மா. எத்து வந்து இடிக்கும்னே தெரில" என்று பாய் தலையில் கைவைத்தார்.

என் வீட்டுக்காரர் பழைய லாரி டிரைவர். "ஏட்டி, நீ எறங்கி முன்னால நட. கிளீனர் மாதிரி பெட்டியத் தட்டிக்கிட்டே போ. ரெண்டு தட்டுனா வரலாம், ஒண்ணுன்னா நிக்கணும்" என்றார், மூச்சிரைக்க.

எனக்கோ கரண்ட் போனாலே வீட்டுக்குள் நடக்கப் பயம். ஆனால் பாய் ஓட்டியாக வேண்டும், என் வீட்டுக்காரரால் நடக்க முடியாது. வேறு யார் இருக்கிறார்கள்?

"மாதாவே, கூட வா" என்று இறங்கினேன். ஈர இரும்பை உள்ளங்கையால் இரண்டிரண்டாகத் தட்டினேன். பின்னால் ஆட்டோ ஊர்ந்து வந்தது. ஓரிடத்தில் பெட்டி முடிந்து, கை வெறும் காற்றைத் துழாவியது.

"ஆண்டவரே, எங்கய்யா இருக்கீரு?" வாய்விட்டே அழுதுவிட்டேன்.

எதிர் இருட்டிலிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டது. சட்டென்று நின்று, நானும் பக்கத்துப் பெட்டியில் ஒன்று தட்டினேன். ஆட்டோ நின்றது. என் முகத்துக்கு நேரே தரை அதிர ஒரு டிரெய்லர் கடந்து போனது. அப்புறம் இரண்டு தட்டு.

"இப்ப வாம்மா. பயப்படாத, நான் கீறேன்."

யாரோ ஒரு கிளீனர். அவர் தட்டத் தட்ட, நான் நடந்தேன். "கேட்டு இதான், நைனா. லெப்ட்ல போய்க்கினே இரு" என்று பாயிடம் சொன்னது காதில் விழுந்தது. கடைசிவரை முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மனிதன் மகராசனாக இருக்கட்டும்.

எட்டுக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். ஊசி ஏறி, கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு சீரானது. வாசலில் ரஹீம் பாய், "அல்லா காப்பாத்தினாம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிறுதோறும், "ஆண்டவரே, எங்களோடு இரும்" என்று கேட்பேன். அறுபது வயதுவரை ஒருநாளும் பதில் என் காதில் விழுந்ததில்லை. விழுந்தபோது, அது மெட்ராஸ் பாஷையில் இருந்தது.